பனிப்போரா, கெடுபிடிப் போரா?

பத்தாம் வகுப்பு வரைக்கும் பனிப்போர் என்றால் பனியில் நடந்த போர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரஷ்யா என்றால் பனி. ஆக அங்கே முழங்கால் அளவு பனியில் ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு படைகள் சுட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். யாரும் திருத்தவில்லை. பாடத்தில் 'அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரடியாக மோதிக்கொள்ளவில்லை' என்ற வரியைப் படித்த பிறகுதான், அப்படியானால் பனி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுந்தது.

பனி எங்கிருந்தும் வரவில்லை, மொழிபெயர்ப்பில் விழுந்தது. மூலச் சொல் 'கோல்ட் வார்'. அதிலுள்ள 'கோல்ட்' வானிலையைச் சொல்வதல்ல. ஆங்கிலத்தில் துப்பாக்கி வெடிக்கும் போர் 'சூடான போர்'. வெடிக்காமல் பகையாகவே நீடிப்பது அதற்கு எதிர்ப்பதம், அதாவது சூடேறாத போர். இந்தியில் 'சீத யுத்தம்' என்றார்கள், மலையாளத்திலும் அதேதான். தெலுங்கர்கள் மட்டும் குளிரையே தொடாமல் 'பிரச்சன்ன யுத்தம்' என்று வைத்தார்கள், மறைமுகப் போர் என்று பொருள். நாம் குளிரைத் தாண்டிப் பனிக்கே போய்விட்டோம்.

சொல்லின் பிறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தாளர் தோன் ஹுவான் மனுவேல், கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இழுத்துக்கொண்டே போன சண்டையைப் பற்றி எழுதும்போது 'குளிர்ந்த போர்' என்றார் என்பார்கள். அவர் எழுதியது 'வெதுவெதுப்பான போர்'. பிற்காலப் பதிப்பில்தான் அது குளிர்ந்தது ஆயிற்று. ஆக, இந்தச் சொல்லில் சூட்டைத் தவறாக அளந்தவர்கள் நாம் மட்டுமல்ல.

இன்றைய பொருளுக்கு நெருக்கமாக முதலில் எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. 1945 அக்டோபர் 19 அன்று வெளியான கட்டுரையில், அணுகுண்டு வைத்திருக்கும் நாடு யாராலும் வெல்ல முடியாததாகவும், அக்கம்பக்கத்து நாடுகளோடு ஓயாத 'கோல்ட் வார்' நிலையிலும் இருக்கும் என்று எழுதினார். அமெரிக்கா–சோவியத் பகைக்கே பெயராக அதைச் சூட்டியவர் பெர்னார்ட் பரூக் என்ற நிதியாளர், 1947 ஏப்ரல் 16இல், தென் கரோலினா சட்டமன்றத்தில். உரையை எழுதிக் கொடுத்தவர் ஹெர்பர்ட் ஸ்வோப் என்ற பத்திரிகையாளர். அதே ஆண்டு வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் தொடர் பத்திகள் எழுதி, அதே பெயரில் நூலாகவும் போட்டார். அப்புறம் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று பனிப்போர், இன்னொன்று கெடுபிடிப் போர். இலங்கையில் கெடுபிடி யுத்தம் என்றும் எழுதுவார்கள். செய்தித்தாள்களில் பனிப்போர் வென்றுவிட்டது. கட்சிக்குள் இரண்டு தலைவர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பனிப்போர், மாமியாரும் மருமகளும் ஒரு வாரம் பேசாவிட்டால் அதுவும் பனிப்போர். இந்தப் புழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. சும்மா முறைத்துக்கொண்டிருப்பது என்ற அளவுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. 1947க்குப் பிறகு அமெரிக்காவுக்குள் நடந்ததைப் பார்த்தால் கெடுபிடி என்ற சொல்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கெடுபிடி நமக்குப் பழகிய சொல். சோதனைச் சாவடியில் கெடுபிடி, தேர்தல் நேரத்தில் பறக்கும் படையின் கெடுபிடி. காரணமே சொல்லாமல் காகிதம் கேட்பது, பையைத் திறக்கச் சொல்வது, நிற்க வைப்பது. 1947 மார்ச் 12இல் அதிபர் ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசினார். உலகில் எங்கே கம்யூனிசம் தலைதூக்கினாலும் தடுப்போம் என்பது அதன் சாரம். ஒன்பதே நாளில், மார்ச் 21 அன்று, சொந்த அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க ஆணை போட்டார். எந்தப் பத்திரிகை வாங்குகிறாய், வீட்டு அலமாரியில் என்ன புத்தகம், கறுப்பினத்தவர்களோடு பழக்கம் உண்டா என்றெல்லாம் விசாரணை வாரியங்கள் கேட்டன. குற்றம் சாட்டியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. பத்து ஹாலிவுட்காரர்கள், நீ கம்யூனிஸ்டா என்று கேட்ட நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஒரு தாளை ஆட்டிக்காட்டி, வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் என்றார். 205 பேர் என்று செய்தி வந்தது, சில நாளில் 57 என்றார். எண் மாறியதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்து, 1954 டிசம்பரில்தான் செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

கெடுபிடி சொற்களையும் விடவில்லை. சின்சினாட்டி நகரத்து பேஸ்பால் அணியின் பெயர் 'ரெட்ஸ்', சிவப்பர்கள். சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட் என்றாகிவிட்ட 1950களில் அந்த அணி தன் பெயரை 'ரெட்லெக்ஸ்', சிவப்புக் கால்கள், என்று மாற்றிக்கொண்டு சில ஆண்டுகள் ஆடியது. கால் மட்டும் சிவப்பு என்றால் பரவாயில்லை போலும்!

இந்த இடத்தில் பனிப்போருக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். பனித்தல் என்றால் பழந்தமிழில் நடுங்குதல், அஞ்சுதல் என்றும் பொருள் உண்டு. 'பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை' என்று தொடங்கும் குறளில் (1223) வரும் பனிக்குப் பரிமேலழகர் நடுக்கம் என்றே உரை சொல்கிறார். பனிப்போர் என்று முதலில் எழுதியவர் இதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடுக்கப் போர் என்று எடுத்துக்கொண்டால் பொருத்தம்தான். 1950களின் அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியை திடீரென்று குரல் கொடுத்தால் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து, பிடரியை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க பெர்ட் என்ற ஆமையை வைத்து அரசே கார்ட்டூன் எடுத்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு, படைவீரர்களுக்குக் கொடுப்பதுபோல், பெயர் பொறித்த உலோக வில்லைகள் கொடுத்தார்கள். எதற்கு என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் தாய் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

அச்சத்தால் கொஞ்சம் நன்மையும் விளைந்தது. 1957 அக்டோபர் 4இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கா பதறிப்போய் அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அறிவியலோடு அயல்மொழிப் படிப்புக்கும் அதில் பணம் ஒதுக்கினார்கள். அங்கே பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்ததற்கும் அந்தப் பணம் உதவியது. அந்த வகையில் ஸ்புட்னிக்குக்கு நாமும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் பனியும் கெடுபிடியும் சேர்ந்தே தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1950 ஜூன் 25இல் வடகொரியப் படை தெற்கே இறங்கியது. அமெரிக்கா படை அனுப்பியது. இது போரா என்று நிருபர்கள் கேட்டபோது, 'போலீஸ் நடவடிக்கை' என்று ஒருவர் எடுத்துக்கொடுத்த சொல்லை ட்ரூமன் ஏற்றுக்கொண்டார். மூன்றாண்டில் அந்த நடவடிக்கையில் 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். கொரியர்கள் பல லட்சம். வியட்நாமிலும் பெயர் சூட்டாத இதே வித்தைதான். 1964 ஆகஸ்டில் அதிபர் படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் என்று ஒன்று போட்டார்கள், போர் அறிவிப்பு கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றம் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல்தான். 1969இல் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். வாஷிங்டனில் உள்ள கருங்கல் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கட்டாய ஆள்சேர்ப்பை மறுத்த குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கினார்கள். 1970 மே 4இல் ஓஹயோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில், போர் கம்போடியாவுக்கும் பரவியதை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது தேசியக் காவல் படை 13 நொடி சுட்டது. நான்கு மாணவர்கள் செத்தார்கள். சூடேறாத போர் என்ற பெயரை அந்த வளாகத்தில் நின்று எப்படிச் சொல்வது?

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. போர் நமக்கு மூள்வது, தீ மூள்வது மாதிரி. 'மூளாப் போர்' என்றால் மூலத்தின் பொருள் அப்படியே வந்துவிடும். ஒரு பழைய இலக்கணச் சுவையும் இருக்கிறது. ஆனால் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் மூளாதது தென்கொரியாவின் சோலிலும் வியட்நாமின் ஹுவே நகரிலும் மூண்டதே! அதனால் என் சொந்தப் படைப்பை நானே கைவிட்டேன்.

நான் எழுதும்போது வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். இரு வல்லரசுகளின் பகையைப் பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் கெடுபிடிப் போர். வாசகருக்குப் பழகிவிட்டதே என்று ஆசிரியர் குழு வற்புறுத்தினால் பனிப்போர், சண்டை போடாமல் விட்டுவிடுவேன். மாமியார் மருமகளுக்குப் புகைச்சல் என்ற நல்ல சொல் இருக்கிறது. கொரியாவையும் வியட்நாமையும் பற்றி எழுதும்போது மட்டும் 'பனிப்போரின் ஒரு பகுதி' என்று ஒருபோதும் எழுதுவதில்லை. வியட்நாமியர் அதை அமெரிக்காவை எதிர்த்த போர் என்கிறார்கள். தென்கொரியர்கள் தங்கள் போரை, அது தொடங்கிய தேதியை வைத்து, 'யுகியோ' என்று அழைக்கிறார்கள். ஆறு-இரண்டு-ஐந்து, ஜூன் 25. 1953இல் போர் நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.