நட்டும் வாஷரும் காதில் ஏறும்முன்

ஹார்டுவேர் கடையில் நட், வாஷர், செம்புக் கம்பி வாங்கி நகை செய்வதுதான் என் தொழில். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வாஷர் தோடு வாங்கிய கல்லூரிப் பெண், இரண்டு வாரம் கழித்துக் காதைக் காட்ட நேரிலேயே வந்தாள். காதுமடல் சிவந்து, தோல் உரிந்து, ஓட்டையைச் சுற்றி நீர் கசிந்திருந்தது. "கழற்றினால் அடங்குதுக்கா, போட்டால் திரும்ப வருது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பளபளவென்று இருக்கிறதே என்று நான் ஆசையாக எடுத்த வாஷரில் நிக்கல் பூச்சு. வேர்வை பட்டால் நிக்கல் கரைந்து தோலுக்குள் இறங்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தொடரும். அப்புறம் கைக்கடிகாரத்தின் முதுகு பட்டாலே அரிக்கும். குத்திய ஓட்டையில் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது ஐரோப்பாவில் சட்டம்.

இப்போது எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற, நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் ரசாயனத்தை வைத்துச் சோதனைதான். அதையும் அம்மோனியாவையும் பஞ்சுக் குச்சியில் விட்டு அரை நிமிடம் தேய்ப்பேன். பஞ்சு ரோஸ் நிறமானால் அந்தச் சரக்கு காதுக்கு ஆகாது. 316எல் எவர்சில்வரிலும் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். காதுக்குள் போகும் தண்டுக்கு நான் டைட்டானியம் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

பித்தளை நட் பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கும். லேத்தில் சுலபமாகக் கடைய அதில் சுமார் 3 சதவீதம் ஈயம் சேர்த்திருப்பார்கள். குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அவர்களுக்கான நகையில் பித்தளை நட் வேண்டவே வேண்டாம்.

போடுபவரைப் போலவே செய்பவரும் கவனமாக இருக்க வேண்டும். பழைய மோட்டார் காயில் கம்பியை கேஸ் அடுப்பில் காட்டி வார்னிஷை எரித்தெடுப்பதைப் பயிற்சி வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக். அதன் புகையில் வரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும். பற்றவைக்கும் நுனியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்; மீதி வார்னிஷ் செம்பு கறுக்காமல் காக்கும். ஜி.ஐ. கம்பியை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை, பழுக்கக் காய்ச்சினால் துத்தநாகப் புகை வரும். சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் போல உடம்பை உலுக்கும். நகையைப் பற்றவைக்கும் உலோகப் பொடியான பற்றுப்பொடி வாங்கும்போது காட்மியம் இருக்கிறதா என்று கேளுங்கள். தங்கத்தில் கேடிஎம் என்று சொல்லி வந்தோமே, அதே காட்மியம்தான். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அந்தப் பெண்ணுக்கு 316எல் வாஷரில், டைட்டானியத் தண்டு வைத்து அதே தோட்டைத் திரும்பச் செய்து கொடுத்தேன். காது ஆறிவிட்டது. ஜீன்ஸ் பட்டனுக்கு உள்பக்கம் மட்டும் இன்றும் துணி வைத்துத் தைத்துக்கொள்கிறாள்.