ஊஃபர்: குரைப்பானா, தாழொலிப்பானா?

பழைய ஸ்பீக்கர் பெட்டியை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய வழிகாட்டும் தமிழ்க் குறிப்புகளில் ‘குரைப்பான்’ என்றொரு சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘குரைப்பான் கிழிந்திருந்தால் மாற்றவும்’ என்று படிக்கும் குடியாத்தத்துக்காரர் தெருநாயைத் தேடுவாரே தவிர, வேலூர்க் கடைகளில் ஊஃபர் என்று கேட்டு வாங்கும், தாழ்ந்த சுருதி ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர் உறுப்பைத் தேடமாட்டார்.

நாயின் கனத்த குரைப்பை ஆங்கிலத்தில் ‘ஊஃப்’ என்பர். அதிலிருந்து ஊஃபர் வந்தது, பறவையின் கீச்சொலியிலிருந்து, உயர்ந்த சுருதி ஒலிகளைத் தரும் ட்வீட்டர் வந்தது. ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸ் முதல் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலும், சில வகைகளில் அதைத் தாண்டியும் ஒலிப்பது ஊஃபர். நெசவின் ஊடைநூலைக் குறிக்கும் ‘ஊஃப்’ வேறு சொல். ஆரணித் தறிக்காரர்கள் உறவு கொண்டாட வேண்டியதில்லை.

குரைப்பானுக்காக வாதாடுவோர் ‘குரைகடல்’ என்னும் பழந்தமிழ் ஆட்சியைக் காட்டுவார்கள். குரைத்தல் நாய்க்கு மட்டும் உரியதன்று, முழங்கும் எதற்கும் பொது என்பது அவர்கள் கட்சி. இலக்கியத்தில் அது சரியே. ஆயினும் கலைச்சொல்லைக் கையாளப்போகிறவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, நிகண்டு இல்லை. இன்றைய தமிழில் குரைப்பது நாய் ஒன்றே. ஒலியால் கருவிக்குப் பெயர் வைப்பதை நான் குறை கூறவில்லை. உறுமுவதால் உறுமி என்று நாமே வைத்திருக்கிறோம். ஆனால் உறுமி உறுமுகிறது. ஊஃபரோ குரைப்பதில்லை, தவிலின் தொப்பி எழுப்பும் அடிநாதத்தை உள்ளபடி நமக்குத் தருகிறது. மேலும், பழுதை விவரிக்கும்போது ஒலியின் பெயர்கள் அனைத்தும் நமக்குத் தேவைப்படுகின்றன. ஊஃபரின் முகப்பில் அதிரும் கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல உள்ளே அழுத்தும்போது கரகரப்புக் கேட்டால், கூம்பின் பின்னே ஒட்டியிருக்கும் கம்பிச்சுருள் காந்த இடுக்கில் உராய்கிறது என்று பொருள். அதை ‘குரைப்பான் கரகரக்கிறது’ என்று எழுதினால் படிப்பவருக்கு எது கருவியின் பெயர், எது நோயின் பெயர் என்று விளங்காது.

‘தாழ் அதிர்வெண் ஒலிபெருக்கி’ என்னும் இன்னொரு பெயர்ப்பு நீளத்தால் மட்டும் கெடவில்லை. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஊஃபர் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. பெட்டி முழுவதையும் ஒலிபெருக்கி என்றே வழங்குவதால், ‘ஒலிபெருக்கியிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றவும்’ என்று எழுத நேர்கிறது.

இசைத்தமிழின் ‘மெலிவு’ தாழ்ந்த தானத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, உரிய சொல்தான். ஆனால் மெலிவொலிப்பான் என்றால் வலுவிழந்த கருவி என்றே இன்று பொருள்படும். ‘மந்தரம்’ வடசொல், நான் அதை நாடமாட்டேன். ஆகவே ‘தாழொலிப்பான்’ என்பதே என் தெரிவு. சத்தம் குறைந்த கருவி என்று சிலர் முதலில் மயங்கக்கூடும். ட்வீட்டரை உயரொலிப்பான் என்றும் நடுவில் இருப்பதை இடையொலிப்பான் என்றும் சேர்த்து வழங்கினால் அந்த மயக்கம் நீங்கிவிடும். ‘8 ஓம் தாழொலிப்பானின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 6 ஓம் காட்டவேண்டும், சுற்று அறுந்ததாகக் காட்டினால் கம்பிச்சுருள் கருகியிருக்கலாம்’ என்னும் வாக்கியம் எவருக்கும் இடறாது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களின் கைவரிசை குரைப்பானோடு நின்றபாடில்லை. கூம்பின் கழுத்தைத் தாங்கிக் கம்பிச்சுருளை நடுவில் நிறுத்தும் மடிப்புத் துணி வளையத்தை ஆங்கிலத்தில் ஸ்பைடர் என்பர். தொடக்ககாலத்தில் அதற்குக் கால்கள் போன்ற அமைப்பு இருந்ததால் வந்த பெயர் அது. இன்று அதில் கால்களே இல்லை. ஆயினும் தமிழ்க் குறிப்பு ‘பழைய சிலந்தியைப் பிளேடால் அறுத்து அகற்றவும்’ என்கிறது. அதைத் தாங்குதுணி என்றால் போதும். கடைக்காரரிடம் கேட்கும்போது ஸ்பைடர் என்றே கேட்கலாம், அவர் எடுத்துக் கொடுப்பார்.