வாக்கிய அமைப்புக்குள் நடக்கும் வற்புறுத்தல்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றவர் யாரைக் கேட்டாலும் ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று மூன்று பெயரையும் சொல்லிவிடுவார். பேசுபவர் மீது வரும் நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, வாதத்தில் இருக்கும் தர்க்கம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டியது, இன்றைக்கும் பாடத்திட்டத்தை விட்டுப் போகவில்லை.

பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். மாணவர் கட்டுரை, வேலை விண்ணப்பம், நிறுவன அறிவிப்பு, புகார்க் கடிதம் என்று எல்லாம் வரும். மூன்று பெயரும் தெரிந்தவர்களுக்குக்கூட அவை வாக்கியத்தில் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று தெரிவதில்லை. "இங்கே ஆசிரியர் பேத்தோஸைப் பயன்படுத்தி வாசகரின் உணர்ச்சியைத் தூண்டுகிறார்" என்று மாணவர் எழுதுவார். சரி, எப்படித் தூண்டுகிறார்? "உருக்கமான சொற்களால்" என்பதோடு பதில் நின்றுவிடும்.

உருக்கமான சொல்லைக் கண்டால் வாசகர் தானாகவே கொஞ்சம் உஷாராகிவிடுவார். எழுவாய் எங்கே போனது, எந்தச் செய்தி துணை வாக்கியத்துக்குள் போய்விட்டது, கடைசியில் எது நிற்கிறது என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. நம்பவைக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அப்போதைய அதிபர் ரொனால்டு ரீகன் "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வெர் மேட்" என்றார். பெரிய தவறுகள் நடந்தன, சரி. செய்தவர் யார்? வாக்கியத்தில் ஆள் இல்லை. இந்த உத்தி ரீகனுக்குப் புதிதும் இல்லை. 1876-இல் அப்போதைய அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிரான்ட் தன் கடைசி ஆண்டறிக்கையில் இதே செயப்பாட்டு வினையில்தான் (செய்தவரைச் சொல்லாமல் "செய்யப்பட்டது" என்னும் வடிவம்) தவறுகளைப் பற்றி எழுதினார். "நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு துண்டு சேர்த்தார் என்பது உண்மை. ஆனால் அதே வாக்கியத்திலேயே, உதவிக்கு அமர்த்தியவர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு அதிகம் என்று கையைக் காட்டிவிட்டார்.

தமிழ் வாசகர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "தவறு செய்தோம்" என்றால் போதும், "நாம்" வேண்டியதில்லை. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் அநேகமாக இல்லை. எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல விருப்பம் இல்லாதவருக்குச் செயப்பாட்டு வினைதான் எளிய வழி. அதனால் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்போ விளக்கமோ படிக்கும்போது, ஒவ்வொரு வினைக்கும் "யாரால்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத இடங்களில் பென்சிலால் ஒரு கோடு. நல்ல காரியங்களுக்கு மட்டும் "நாங்கள்" வந்து, கெட்ட செய்திகளில் அது காணாமல் போயிருந்தால், அந்தக் கடிதத்தை எழுதியவரின் மனநிலை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செயப்பாட்டு வினையையே கெட்டது என்று சொல்லித்தரும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆய்வுக் கட்டுரையில் கரைசலைச் சூடாக்கியவர் யார் என்பது யாருக்கும் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரைப் பற்றிய செய்தியில் அவரையே எழுவாயாக வைப்பதும் நியாயம்தான். ஆளை மறைப்பதால் யாருக்கு லாபம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அடுத்தது "ஆல்தோ" (என்றாலும்) வாக்கியம். இதுதான் என் மேசைக்கு வரும் நிறுவன அறிவிப்புகளில் அதிகம் புழங்குவது. செய்தி இரண்டே: ஊழியரின் உழைப்பை மதிக்கிறோம், இந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை. தமிழில் "என்றாலும்" வரும் துணை வாக்கியம் பொதுவாக முன்னால்தான் நிற்கும். எதைத் துணையாக்குவது என்ற ஒரே தேர்வுதான் நமக்கு. ஆங்கிலத்தில் துணை வாக்கியம் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஆக, அதே இரண்டு செய்தியை நான்கு விதமாகச் சொல்ல முடியும். நான்கும் வாசகர் மனத்தில் வேறு வேறு எடையோடு இறங்கும். முதன்மை வாக்கியத்தில் இருப்பதை வாசகர் எழுதியவரின் கூற்றாக எடுத்துக்கொள்கிறார். துணை வாக்கியத்தில் இருப்பதைப் பின்னணியாகக் கடந்துபோகிறார். அதோடு, வாக்கியத்தின் கடைசியில் இருப்பதுதான் அழுத்தம் பெறுகிறது. 1990-இல் ஜார்ஜ் கோப்பன், ஜூடித் ஸ்வான் இருவரும் அறிவியல் எழுத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கடைசி இடத்துக்கு அழுத்த இடம் என்றே பெயர் வைத்தார்கள்.

இப்போது பாருங்கள். "சம்பள உயர்வு இல்லை" என்பதை "ஆல்தோ"வுக்குள் போட்டு முன்னால் வைத்துவிட்டு, "உங்கள் உழைப்பை மதிக்கிறோம்" என்பதை முதன்மையாக்கிக் கடைசியில் வைத்தால், படித்து முடிக்கும்போது பாராட்டுத்தான் காதில் நிற்கும். மாற்றிப் போட்டால் ஏமாற்றம்தான் நிற்கும். இரண்டு வடிவத்திலும் தகவல் ஒன்றே, பொய் எதுவும் இல்லை. பேத்தோஸ் என்று தனியாக ஒரு உருக்கமான சொல்கூட இல்லை. ஆனாலும் உணர்ச்சி மாறிவிட்டது. இந்த மாதிரி அறிவிப்பு கைக்கு வந்தால், "ஆல்தோ", "வைல்", "டெஸ்பைட்" ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து எழுதிப் படியுங்கள். உண்மையான செய்தி பல நேரம் அங்கேதான் இருக்கும்.

பெயர்த்தொடருக்குள் கூற்றைச் சொருகுவது இதைவிட நுட்பமானது. "வீ ஆர் கமிட்டட் டு சேஃப்டி" என்று வாக்கியமாகச் சொன்னால் "அப்படியா?" என்று கேட்கலாம். அதையே "அவர் கன்டின்யூட் கமிட்மென்ட் டு சேஃப்டி" (பாதுகாப்பில் எங்கள் தொடரும் அக்கறை) என்று பெயர்த்தொடராக்கி, அதை எழுவாயாக வைத்து மேலே வேறு ஏதோ சொன்னால், அக்கறை இருந்தது, இன்னும் தொடர்கிறது என்ற இரண்டும் கேள்விக்கு இடமில்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன. வாசகர் அந்த மேலே சொன்ன விஷயத்தோடுதான் வாதாடிக்கொண்டிருப்பார். வேலைநீக்கம் பெரும்பாலும் "டெர்மினேஷன்" என்ற பெயர்ச்சொல்லாகவே வருவதற்கும் இதே காரணம்தான்: வினையைப் பெயராக்கினால் செய்தவரும் போய்விடுகிறார், செய்த நேரமும் போய்விடுகிறது.

லோகோஸுக்கு வருவோம். தர்க்கம் என்றால் எண்களும் ஆதாரமும் என்று நினைக்கிறோம். தர்க்கத்தின் தோற்றத்தை "பிகாஸ்" (ஏனென்றால்) என்ற ஒரே இணைப்புச் சொல் கொடுத்துவிடும். உளவியலாளர் எலன் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்காகவே அடிக்கடி பேசப்படுகிறது. நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் இருப்பவரிடம் போய், ஐந்து பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். காரணம் சொல்லாமல் கேட்டபோது 60% பேர் விட்டுக்கொடுத்தார்கள். "அவசரம்" என்று காரணம் சொன்னபோது 94%. "ஏனென்றால் நான் நகல் எடுக்க வேண்டும்" என்று கேட்டபோதும் 93%! நகல் எடுக்காமல் அங்கே வேறு எதற்கு வருவார்கள்? காரணமே இல்லாத அந்தக் காரணம், காரண வாக்கியத்தின் வடிவத்தில் இருந்ததால் போதுமானதாகிவிட்டது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. கேட்டது 20 பக்கமானபோது அந்தப் போலிக் காரணம் 24%-க்கு இறங்கிவிட்டது, காரணமே சொல்லாததும் அதே 24% தான். உண்மையான காரணத்துக்கு மட்டும் 42% பேர் இசைந்தார்கள். இழப்பு பெரிதாகும்போது மனிதர்கள் உள்ளடக்கத்தைப் படிக்கிறார்கள். சின்ன விஷயத்தில் வடிவத்தைப் பார்த்தே தலையாட்டுகிறார்கள். நாள் முழுக்க நாம் ஒப்புதல் சொடுக்கும் பல விஷயங்கள் சின்ன விஷயம் போலத்தான் வந்து நிற்கின்றன.

மோசடி மின்னஞ்சலின் வடிவத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யுங்கள். தவறினால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்." முதல் வாக்கியம் செயப்பாட்டு வினை: முடக்கியவர் இல்லை, ஆகவே ஏதோ பெரிய நிறுவனம் பேசுவது போன்ற அதிகாரத் தொனி வருகிறது. அதுதான் இங்கே ஈத்தோஸ். இரண்டாவது ஏவல். மூன்றாவது, நிபந்தனை வாக்கியத்தின் வடிவில் அச்சம். காரண காரியம் போலத் தெரிவதால் தர்க்கத்தின் சாயலும் கிடைத்துவிடுகிறது. மூன்றும் குட்டி வாக்கியங்கள், நடுவில் யோசிக்க இடம் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று முன்பு சொல்லிக்கொடுத்தோம். இப்போது பிழையில்லாத ஆங்கிலத்தை எழுதித் தரக் கருவிகள் வந்துவிட்டதால் அந்த அறிவுரையை மட்டும் நம்ப முடியாது. ஆளில்லாத வினை, உடனே ஏவல், பின்னால் கெடு என்ற வரிசையைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் செயலிக்கோ தளத்துக்கோ நீங்களே நேராகப் போய்ப் பாருங்கள்.

அமைப்பை வைத்து உணர்ச்சி எழுப்புவது எல்லாமே ஏமாற்று என்று இதுவரை படித்ததை வைத்து எண்ணிவிட வேண்டாம். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில், கறுப்பின மக்களின் துயரங்களை வரிசையாகச் சொல்லும் ஒரு வாக்கியம் 300 சொற்களுக்கும் மேல் நீள்கிறது. "வென் யூ" (நீங்கள் இப்படியெல்லாம் காணும்போது என்ற பொருளில்) என்று தொடங்கும் துணை வாக்கியங்கள் அரைப்புள்ளி போட்டுப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதன்மை வாக்கியம் வரவே மாட்டேன் என்கிறது. பொறுமையாக இருங்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு வெள்ளையின மதகுருமார்களுக்கு எழுதிய பதில் அது. காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்று கடைசியில்தான் முடிகிறது. படிப்பவரையே வாக்கியம் காக்க வைக்கிறது. வகுப்பில் மாணவர்களிடம் அந்த வாக்கியத்தைப் பத்துச் சிறு வாக்கியங்களாக உடைத்துப் படிக்கச் சொல்வேன். தகவல் ஒன்றும் குறையாது, ஆனால் மூச்சுத் திணறல் போய்விடும். "பேத்தோஸ் பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதுவதற்கும் பகுப்பாய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. பரீட்சைக்கு எழுதுபவர்களும் இதையே செய்யலாம்: வாக்கியத்தை மனத்துக்குள் வேறு மாதிரி மாற்றி எழுதிப் பாருங்கள், எது போய்விட்டது என்று எழுதுங்கள்.

சரி, நாம் எழுதும்போது? வேலை விண்ணப்பங்களில் "பேஷனேட்", "டெடிகேட்டட்", "ஹார்ட்வொர்க்கிங்" என்று அடைமொழிகளை அடுக்கி நம்பிக்கையைக் கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள். நம்பகம் பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் அபிப்பிராயத்திலிருந்து அல்ல என்று அரிஸ்டாட்டில் வலியுறுத்தியிருக்கிறார். அடைமொழிகளை அடித்துவிட்டு, "நான்" என்ற எழுவாய்க்குப் பக்கத்தில் திட்டமான ஒரு வினையையும் அதன் விளைவையும் வையுங்கள் என்பேன். எதைச் செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. தெரியாத ஒன்றைத் துணை வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, தெரிந்ததை முதன்மையில் சொல்வதும் நம்பிக்கையைக் கூட்டும். மேலே திட்டிய "ஆல்தோ" இங்கே நேர்மையாகவே உதவுகிறது. ஆனால் எல்லா வாக்கியமும் ஒரே நீளத்தில் இருந்தால் படிப்பவருக்குத் தூக்கம் வரும், கவனம்.

புகார்க் கடிதத்தில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகத் தேவைப்படும். கோபத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் "ஐ வாஸ் ட்ரீட்டட் பேட்லி" என்று தாங்களே செய்தவரை மறைத்துவிடுகிறார்கள், எதிர்த்தரப்புக்கு இதைவிட வசதி வேறு இல்லை. செய்தவரை எழுவாயாக்குங்கள், தேதியையும் தொகையையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லும் வாக்கியங்கள் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். கோரிக்கைக்கு மட்டும் தனி வாக்கியம், குட்டியாக, பத்தியின் முடிவில். அதற்கு முன்னால் "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்" என்று மெத்தை போட வேண்டாம். பணம் திரும்ப வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்று அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். நன்றியைக் கையெழுத்துக்கு மேலே எழுதிக்கொள்ளலாம்.