ஸ்கேண்டல்: நம்மிடம் இருக்கும் சொல் அலர்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2009 செப்டம்பரில் தொடங்கிய 'தி குட் வைஃப்' தொடரின் முதல் காட்சி ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. சிகாகோ இருக்கும் குக் கவுண்டியின் தலைமை அரசு வழக்குரைஞர் பீட்டர் ஃப்ளாரிக், பாலியல் தொழிலாளிகளோடு கொண்ட உறவு வெளிப்பட்டுப் பதவி விலகுகிறார். அது தேர்தலில் வென்று பெறும் பதவி. அருகில் மனைவி அலிசியா. கேமராக்கள் மின்னுகின்றன, அவள் கண்ணோ கணவனின் கோட்டுக் கையில் ஒட்டியிருக்கும் ஒரு நூலில் நிலைத்துவிடுகிறது. அதை எடுக்கக் கை நீள்கிறது. மேடையை விட்டு அகன்று ஆளில்லாத இடத்துக்கு வந்ததும் அவன் கன்னத்தில் அறைகிறாள்.

இதைத்தான் ஆங்கிலம் ஸ்கேண்டல் என்கிறது. கிரேக்கத்தில் ஸ்காண்டலான் என்றால் கண்ணி, இடறச் செய்யும் தடை. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழ் விவிலியம் அந்தக் கிரேக்கச் சொல்லை 'இடறல்' என்று பெயர்த்தது. மூலத்துக்கு அவ்வளவு நெருக்கமான மொழிபெயர்ப்பு. அவதூறைக் குறிக்கும் ஸ்லாண்டர் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

நாம் இன்று ஸ்கேண்டலைப் 'பாலியல் ஊழல்' என்றோ 'அவதூறு' என்றோ எழுதிவிடுகிறோம். இரண்டும் பொருந்தவில்லை. ஊழல் என்றதும் பொதுப்பணம் நினைவுக்கு வருகிறது. அவதூறு என்றால் பொய்ப்பழி; பீட்டர் செய்ததோ உண்மை.

ஸ்கேண்டல் என்ற ஒரே சொல் செய்த செயலையும் அதைப் பற்றிய ஊர்ப்பேச்சையும் சேர்த்தே சுமக்கிறது. செயல் கணவனுடையது, பேச்சில் வேகிறவள் மனைவி. அலிசியாவின் கதையே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் வேலைக்குத் திரும்புகிறவளை எல்லோரும் முதலில் 'அவனுடைய மனைவி' என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பேச்சுக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு: அலர்.

அலர்தல் என்றால் மலர்தல். வாய்க்குள் முணுமுணுக்கும் நிலை அம்பல், அது அரும்பு. ஊரறிய விரிந்துவிட்டால் அலர். திருக்குறளின் 'அலரறிவுறுத்தல்' களவியலில் இருப்பதால், இது மணமாகாத காதலர்க்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அகநானூறு 36-ஆம் பாடலைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். வையைத் துறைக் காவில் பரத்தையோடு கூடி வந்த தலைவனிடம் சொல்லப்படுகிறது: ஊரில் எழுந்த அலர், தலையாலங்கானத்துப் போரில் எழுவரை வென்ற பாண்டியன் செழியனின் படை எழுப்பிய ஆரவாரத்தினும் பெரிது. மணமானவனின் பிறழ்வும் அதனால் எழுந்த ஊர்ப்பேச்சும் அங்கே அப்படியே இருக்கின்றன. ஒரு வேறுபாடு: அப்படி வருகிற தலைவனை மருதத் திணைப் பாடல்களின் தலைவி வாசலிலேயே மறுத்து நிறுத்தலாம். அலிசியாவை மேடையேற்றி அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே செயலைச் சொல்லும்போது பிறழுறவு என்றோ இடறல் என்றோ எழுதலாம். அதன்மேல் எழும் பேச்சுக்கு அலர் போதும். வினைகளும் ஆயத்தமாக இருக்கின்றன: அலர் எழுந்தது, அலர் தூற்றினார்கள்.