கடைசிப் பத்தியை வெட்டியவன்

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"டேய், இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டரைலேர்ந்து மூணரை வரைக்கும் போனை அணைச்சு வெச்சிடு. தலைமாட்டுல வெச்சுக்காதே. காஸ்மிக் கதிர் வருதாம், நாசாவே சொல்லியிருக்கான்."

"பெரியம்மா, அந்தக் கதிர் பல வருஷமா இதே பன்னிரண்டரைக்குத்தான் வந்துட்டிருக்கு."

"நீ பேப்பர் ஆபீஸ்லதானே இருக்கே? உங்களுக்குச் செய்தி வரலையா?"

"வந்தா போட்டிருப்போமே."

"என்னத்தப் போட்டீங்க. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு வந்துடுது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு முதலில் வந்துவிடுவது உண்மையும்கூட. காஸ்மிக் கதிர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் எப்போதும் பூமிமீது விழுந்துகொண்டிருப்பவை. காற்று மண்டலமும் பூமியின் காந்தப்புலமும் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. போனை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றுதான். இதைச் சொல்ல நினைத்தேன், அதற்குள் பெரியம்மா அடுத்த ஆளுக்குப் போன் போடப் போய்விட்டார்.

நான் ஒரு நாளிதழின் டெஸ்கில், அதாவது செய்திகளைத் திருத்தும் பிரிவில், உதவி ஆசிரியர். 2003-ல் சேர்ந்தேன். என் வேலையை எழுதுவது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் வெட்டுவதுதான் வேலை. நிருபர் 40 வரி அனுப்புவார், பக்கத்தில் 18 வரிக்குத்தான் இடம் இருக்கும். எங்கே வெட்டுவது? முதல் நாளே சீனியர் சொல்லிக்கொடுத்தார்: "வால்லேர்ந்து வெட்டுப்பா, யோசிக்காதே." செய்தியை எழுதுகிறவர்கள் முக்கியமானதை மேலே வைத்து, போகப் போக முக்கியம் குறைந்ததைக் கீழே வைப்பார்கள். அதனால் கடைசிப் பத்தி போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது கணக்கு. விபத்துச் செய்திக்கும் நகராட்சிக் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

விநோதச் செய்திக்கு மட்டும் வராது. அதில் விநோதம் முதல் பத்தியில் இருக்கும், விளக்கம் கடைசிப் பத்தியில் இருக்கும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு வேப்பமரத்தால். ஒரு ஆடி மாதம், தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் பகுதி நேர நிருபர் செய்தி அனுப்பியிருந்தார். வேப்பமரத்தில் பால் வடிகிறது, பெண்கள் மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பொங்கலிடுகிறார்கள். மனிதர் பொறுப்பாக ஒரு வேளாண் பேராசிரியரிடமும் பேசியிருந்தார். பட்டையில் காயம் பட்டோ நுண்ணுயிர் புகுந்தோ உள்ளே அழுத்தம் கூடும்போது சாறு கசியும், நுரைத்து வெள்ளையாகத் தெரியும், நாட்டு வைத்தியத்தில் இதற்கு வேப்பங்கள் என்று பெயரே உண்டு என்று கடைசிப் பத்தியில் இருந்தது. பக்கம் மூடும் நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது. ஆறு சென்டிமீட்டர் வேண்டும். நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அந்த ஊருக்கு வேன் பிடித்துப் போனார்கள். பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பட்டையையே பிரசாதமாக உரித்துக்கொண்டு போனார்கள். நிருபர் போனில் கேட்ட ஒரே கேள்வி: "சார், நான் எழுதினதுல பாதி எங்க சார்?" அடுத்த சித்திரையில் மரம் பட்டுப்போனது. அதை யாரும் பெட்டிச் செய்தியாகப் போடவில்லை, நாங்களும் போடவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் புரளியைப் பார்த்தாலும் இதற்கு ஒரு கடைசிப் பத்தி இருந்திருக்குமே என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. பல சமயம் இருக்கிறது. அடியோடு கற்பனையான பொய்யைவிட வால் அறுந்த உண்மைதான் அதிகம் கண்ணில் படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே ஒன்று கிடைத்தது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய்க் கிரகம் பூமிக்கு சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. இதைப் பற்றிச் சுற்றிய மின்னஞ்சலில், 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவில் செவ்வாய் தெரியும் என்று இருந்தது. சரியான தகவல்தான். கை மாறியதில் தொலைநோக்கி மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. செவ்வாய் முழுநிலா அளவுக்குத் தெரியும் என்பது மிச்சமானது. பிறகு வருடமும் உதிர்ந்தது. அன்றிலிருந்து எத்தனையோ ஆகஸ்டுகளில் வானத்தில் இரண்டு நிலா வரப்போவதாக யாராவது சொல்கிறார்கள், மொட்டைமாடிக்குப் போய் ஏமாந்து இறங்குகிறார்கள். இதில் கெட்டது கொஞ்சம் தூக்கம், அவ்வளவுதான்.

நாட்றம்பள்ளி விஷயம் அப்படியல்ல. 2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. தரையில் பள்ளம், பேருந்துகளின் கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். மறுநாள் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா வெளியிட்ட அறிக்கையில் விண்கல் விழுந்து இறந்ததாக இருந்தது. குடும்பத்துக்கு 1 லட்ச ரூபாய் நிதியும் அறிவித்தார். முதல்வரே சொன்ன பிறகு டெஸ்கில் உட்கார்ந்திருப்பவன் என்ன யோசிப்பான்? கொட்டை எழுத்தில் போட்டோம். உலகப் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. விண்கல் தாக்கி உயிரிழந்த, பதிவான முதல் மனிதர் என்று நாட்றம்பள்ளியின் பெயர் அமெரிக்கா வரை போனது. விண்கல் மனிதர்மேல் பட்டதற்கு உறுதியான சான்று இருப்பது 1954-ல், அலபாமா மாநிலத்தின் சிலகாகா ஊரில். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த கல் ரேடியோவில் மோதித் தெறித்து, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் பட்டது. அவருக்குக் கன்றிப்போனதோடு சரி.

அந்த வாரமே நாசா விஞ்ஞானிகள், இணையத்தில் வந்த படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். இதுதான் நாட்றம்பள்ளியின் கடைசிப் பத்தி. அது எங்கள் பேப்பரில் வந்ததா? வந்தது, உள்பக்கத்தில், சின்னதாக. விண்கல் என்று போட்ட நாளில் டீக்கடை வாசலில் போஸ்டர் தொங்கியது, மறுப்புக்கு யார் போஸ்டர் அடிப்பார்கள்? இன்றைக்கும் யூடியூபில் "வேலூரில் விழுந்த விண்கல்" என்று பின்னணி இசையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதர் வேலை செய்யும் இடத்தில் எதனால் வெடித்து இறந்தார் என்ற கேள்வியை அந்த விண்கல் அப்படியே மூடிவிட்டது. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. வானத்திலிருந்து விழுந்தது என்றால் கீழே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

எங்கள் மொழிநடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தொழில் ரகசியம் என்றே சொல்லலாம். செய்தியின் வினைமுற்றைப் பாருங்கள். "கூறினார்" என்றால் சொன்ன ஆள் இருக்கிறார், பெயரும் மேலே எங்காவது இருக்கும். "கூறப்படுகிறது" என்றால் சொன்னவர் பெயர் எங்களிடம் இல்லை, அல்லது சொல்ல முடியாது. "தெரிகிறது" என்றால் எங்களுக்கே சரியாகத் தெரியாது. "பரபரப்பு ஏற்பட்டது" என்று முடிந்தால், எழுதியவருக்கு முடிக்கத் தெரியவில்லை, பக்கம் மூடும் நேரமாகிவிட்டது. "சமூக வலைத்தளங்களில் வைரலாகி வருகிறது" என்பது இருப்பதிலேயே சாமர்த்தியமானது. சம்பவம் நடந்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை, நிறையப் பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும் பார்த்தோம் என்று அர்த்தம். நாளைக்குப் பொய் என்று ஆனாலும், வைரலானது உண்மைதானே என்று நாங்கள் தப்பித்துக்கொள்வோம். இவற்றை நானும் எழுதியிருக்கிறேன், நேற்றும் எழுதினேன்.

வாட்ஸ்அப் பகிர்வில் இந்த "கூறப்படுகிறது"கூட இருக்காது. "உண்மைச் செய்தி, உடனே பகிரவும்" என்றுதான் ஆரம்பிக்கும். உண்மைச் செய்திக்கு உண்மைச் செய்தி என்று தலைப்பு வைத்து நான் பார்த்ததில்லை.

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் வந்துவிட்டது என்று தமிழ்நாடு முழுக்க ஆடியோவும் வீடியோவும் சுற்றின. அந்த நாட்களில் நாடெங்கும் பரவிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று ஒரு பலகையைக் காட்டுவார்கள். அந்தச் சில விநாடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். என் தொழில்தான், எனக்குத் தெரிந்த வேலைதான். அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தில் ஒரு வயதான அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று ஊர் கூடி அடித்ததில் இறந்துபோனார். அன்றைக்கு வந்த படங்களில் எதைப் பக்கத்தில் வைப்பது என்று டெஸ்கில் யாருக்கும் கை வரவில்லை.

அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே சமயத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் பகிர முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அந்த வகை. உங்களுக்கு அனுப்பிய சித்தப்பா எழுதியதல்ல, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை.

நாங்கள் இப்போது டெஸ்கில் சரிபார்ப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. வீடியோ வந்தால் முதலில் முகங்களைப் பார்ப்பதில்லை, கடைப் பலகையையும் வண்டி நம்பர் பிளேட்டையும் பார்ப்போம். எந்த எழுத்து, எந்த மாநிலம், போலீஸ் சட்டை எந்த மாதிரி. காட்சியை நிறுத்திப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் போட்டால், மூன்று வருடத்துக்கு முன் வேறு ஊரில் இதே படம் கிடந்தது பல நேரம் வெளியே வரும். அதிலும் கிடைக்காவிட்டால் அந்த ஊருக்குப் போன் போட வேண்டியதுதான். காவல் நிலையம் எடுக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலர், அவரும் எடுக்காவிட்டால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. டீக்கடை எப்போதும் எடுக்கும்.

2023 மார்ச்சில் இதெல்லாம் ஒருசேரத் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அவற்றில் இரண்டைப் பற்றி விளக்கினார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இதற்கிடையே ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். ஹோலி நெருங்கிய சமயம் அது. வருடா வருடம் ஊருக்குப் போகிற கூட்டம்தான், நாம் தீபாவளிக்குக் கோயம்பேட்டில் நின்றதுபோல. ஆனால் பயம் நிஜமாகவே தொற்றிக்கொண்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. நாள்காட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் அந்த ரயில் நிலைய வீடியோவை அன்றே ஓரங்கட்டியிருக்கலாம்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கேட்டு, ஸ்பூனும் கையுமாக வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அப்போது செல்போன் ஏது, லேண்ட்லைனிலேயே ஒரே நாளில் உலகம் சுற்றியது. டெல்லியில் மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். ஸ்பூன் சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் மேலேறி, மெல்லிய படலமாகச் சிலைமீது வழிந்து கீழே இறங்கிவிடுகிறது. சாயம் போன வழி பளிச்சென்று தெரிந்தது. எனக்கு இது தெரிய சில வருடங்கள் ஆயின. அதைப் படித்த அன்றும் ஒரு சின்ன வருத்தம் இருந்தது, மறைப்பானேன்.

காஸ்மிக் கதிர் வந்த ராத்திரிக்கு மறுநாள் காலை மறுபடி போன்.

"அணைச்சு வெச்சியாடா?"

"இல்ல பெரியம்மா. நைட் ஷிப்ட்டு, போன் கையிலதான் இருந்துச்சு."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை."

"எங்க தெருவுல எல்லாரும் அணைச்சு வெச்சோம்ல," என்றார். "அதான் தப்பிச்சே."