எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள்

"டாக்டரம்மா, இவன் ஒண்ணுமே திங்க மாட்டேங்கான். பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

கோவில்பட்டியில் குழந்தைகள் மருத்துவராக உட்கார்ந்த நாளிலிருந்து, காய்ச்சலுக்கும் சளிக்கும் அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். போன வருடம் இதைச் சொன்னவர் ஒரு ஆச்சி. மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டரை வயதுப் பேரன் நாள் முழுக்க ஆச்சியின் பொறுப்பு. (இன்னாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையன் 12 கிலோ இருந்தான். அந்த வயதுக்கு அது பயப்பட வேண்டிய எடை இல்லை. ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது.

"ஆச்சி, நேத்து விடிஞ்சதிலிருந்து அவன் வாய்க்குள்ள போனதை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டு எழுதினேன்.

எழுந்ததும் பாட்டிலில் 200 மில்லி பால், கடையில் வாங்கிய சத்துப் பவுடர் கலந்து. ஒன்பது மணிக்கு போனில் கார்ட்டூன் காட்டி அரை இட்லி. பதினொரு மணிக்கு அழுதான் என்று நாலு பிஸ்கட். மதியம் பருப்புச் சோறு, அதையும் மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, வாசலுக்கும் திண்ணைக்குமாக முக்கால் மணி நேரம் நடந்து ஊட்டியது. தூங்கி எழுந்ததும் பால். சாயங்காலம் அப்பா வாங்கி வந்த பத்து ரூபாய் பாக்கெட். ராத்திரி சோறு வேண்டாம் என்றான். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாதே என்று இன்னொரு பாட்டில் பால். நடுச்சாமத்தில் ஒன்று.

கூட்டிப் பாருங்கள், பால் மட்டும் 800 மில்லி. அதிலேயே 500 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும். பிஸ்கட்டையும் பாக்கெட்டையும் சேர்த்தால் சோற்றுக்கு வயிற்றில் எங்கே இடம்? பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் குறைக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதுப் பிள்ளைக்கு 11-க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகைதான். இரத்தசோகை வந்த பிள்ளைக்குப் பசியும் மந்தமாகிவிடும். பசி இல்லையே என்று நாம் பால் கொடுக்கிறோம், பால் குடிக்கக் குடிக்க இரத்தசோகை கூடுகிறது.

பசி சிரப் என்று கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது ஒவ்வாமைக்குக் கொடுக்கிற ஒரு மருந்து. தூக்கம் வரவைக்கும், பசியையும் கொஞ்சம் தூண்டும். நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடும். தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆச்சிகளும் அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோ ஆகிவிடும். அடுத்த வருடம் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். ஒரு வயதில் கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை இரண்டு வயதில் நாலு வாயோடு தலையைத் திருப்பினால் அது நோய் இல்லை. நாம் அதை நோயாக நினைத்து, வாயைப் பிடித்துத் திணிக்கிறோம். போனைக் காட்டுகிறோம். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் என்ன ருசி இருந்தது என்பதும் தெரியாது.

நான் எல்லா வீட்டுக்கும் சொல்வது ஒன்றுதான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குப் பரிமாறுவது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். தட்டில் வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. இடையில் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். பால் ஒரு நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி, டம்ளரில். அரை மணி நேரத்தில் சாப்பிட்டது போதும். மிச்சம் வைத்தால் திட்டாமல், கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரும், பசியும் வரும். புதிதாக ஒரு காய் கொடுத்தால் முதல் தடவை துப்பத்தான் செய்யும். பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகு, தானாக ஒரு நாள் எடுத்து வாயில் வைக்கும். அதுவரை ஒரு சின்னத் துண்டு போதும், அதோடு பிள்ளைக்குப் பழக்கமான ஒன்றும் தட்டில் இருக்கட்டும்.

ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. "பச்சைப் புள்ளையப் பட்டினி போடச் சொல்லுதீகளே" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. பஞ்சத்தையும் பட்டினியையும் பார்த்து வளர்ந்தவருக்குத் தட்டில் மிச்சம் விழுவது நெஞ்சில் அடிப்பது போலத்தான் இருக்கும். "மூணு நாள் கஷ்டமா இருக்கும் ஆச்சி, அழுவான், பாட்டிலைத் தேடுவான். நாலாவது நாள் பாருங்க" என்று சொல்லி, இரும்புச்சத்து சிரப் எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.2. சிரப்புக்கும் அதில் பங்கு உண்டு, பாலைக் குறைக்காமல் சிரப் மட்டும் கொடுத்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. ஆச்சியின் புதுக் குறை, வீடெல்லாம் சோற்றுப் பருக்கை என்பது. அவனே அள்ளிச் சாப்பிடுகிறானாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னொன்று சொல்கிறார்கள். வீட்டில் ரவை உப்புமாவைக் கண்டால் ஓடுகிறவன், பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் அதையே சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறானாம். 2022-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வருவதெல்லாம் உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்ற சாதாரணப் பலகாரங்கள்தான். அங்கே வரிசையில் நண்பர்களோடு உட்காருகிறான், யாரும் ஊட்டுவதில்லை, பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுவதைப் பார்க்கிறான். வீட்டிலும் ஒரு வேளையாவது அப்பா, அம்மா, பிள்ளை எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், டிவியை அணைத்துவிட்டு.

சாயங்காலப் பாக்கெட்டுக்கு வருகிறேன். அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டுகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல எந்த அப்பாவாலும் முடியாது. ஊரிலேயே புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் இருக்கிறது, அவித்த கடலை இருக்கிறது, கொய்யா இருக்கிறது. அவற்றை வாங்கிப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை மட்டும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மிட்டாயானாலும் பொடித்துக் கொடுங்கள். கடலை மிட்டாயிலும் வெல்லம் இருக்கிறது, ஒன்று போதும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. பள்ளியில் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். ஹீமோகுளோபின் 9.1. அம்மா ஏழு மணிக்குத் தீப்பெட்டி ஆலைக்குக் கிளம்பிவிடுவார். மகள் ஒரு டம்ளர் டீயோடு பள்ளிக்கு ஓடுவாள். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த ஒரு உறவினர் எல்லோர் முன்பும், "என்ன, இப்பவே இப்படிப் பெருத்துட்டா" என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து மதியச் சோற்றையும் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவள் எடை அவள் வயதுக்கும் உயரத்துக்கும் சரியாகவே இருந்தது. பெரியவளாகும் பருவத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொஞ்சம் சதை பிடிப்பது இயற்கை.

வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், எங்கள் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று. நீங்களும் பேசாதீர்கள், கேலியாகக்கூட.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாதவிடாயில் போகிற இரத்தத்தை ஈடு கட்ட உணவு வேண்டும். நம் கரிசல் காட்டில் விளைகிற கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, தீட்டிய வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்மங்கஞ்சி, முருங்கைக்கீரை, அவித்த மொச்சை, முட்டை, கறி தின்கிற வீடென்றால் ஈரல். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று பிள்ளைகள் தூக்கி எறிகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவு குமட்டாது.

அந்த அம்மாவிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஆறே முக்காலுக்கு மகளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து இருவரும் ஒரே சட்டியிலிருந்து எதையாவது சாப்பிடுங்கள் என்றேன். அந்த அம்மாவும் அதுவரை வெறும் டீயோடுதான் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுப் பழக்கத்தை மாற்றினால் சரியாகாத பிள்ளைகளும் உண்டு. எடை ஏறாமல் நிற்பது அல்லது இறங்குவது, விழுங்கும்போது புரையேறுவது, அடிக்கடி வாந்தி, மண்ணையும் சாக்பீஸையும் தின்பது, வளர்ந்த பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது, சாப்பிட்டதும் ரகசியமாக வாந்தி எடுப்பது, இதில் எது இருந்தாலும் நான் மேலே சொன்னதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.