வேட ஆட்டம்

ரோல் பிளேயிங் கேமைப் 'பாத்திரமேற்று நடிக்கும் விளையாட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி, பேச்சில் புழங்காது. வேட ஆட்டம் என்பதே எனக்குப் பிடித்த சொல்.

ரோல், பிரெஞ்சு வழி வந்தது. மூலம் லத்தீன் 'ரோட்டுலஸ்', சுருள். நடிகரின் வசனம் எழுதிய தாள்சுருள். ஆனால் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் வேட ஆட்டத்தில் எழுதிக்கொடுத்த வசனமே கிடையாது. அந்த இடத்துக்கு வேடம்தான் பொருத்தம்.

வேடமும் வடமொழி வேஷத்திலிருந்து வந்ததுதான். ஆனால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா அதற்குத் தந்திருக்கும் கனம் நெல்லைச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குக் காளி வேடம் கட்டி வருபவர் மற்ற நாளில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆச்சிக்கும் அது தெரியும். இருந்தாலும் வாசலில் அவர் வந்து நின்றதும் காலில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, "தாயே, பேரன் பரீட்சை எழுதுதான், பாத்துக்கோ" என்பாள். அவரும் திருநீறு கொடுப்பார். கட்டுகிறவர் மட்டும் போதாது, எதிரே நிற்பவரும் ஏற்றுக்கொண்டால்தான் அது வேடம்.

மேசையைச் சுற்றி ஆடும்போது அப்படி ஏற்றுப் பதில் சொல்பவர் கேம் மாஸ்டர். "கதவு வேண்டாம், கூரையேறி ஓட்டைப் பிரிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், சற்று யோசித்து, "சரி, இருபது முகப் பகடையை உருட்டு, 15 விழணும்" என்பார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் நடக்கும் கணியான் கூத்தில் கூட்டத்தின் முகம் பார்த்துக் கதையை நீட்டிச் சுருக்கும் தலைமைப் பாடகரான அண்ணாவியின் பெயரையே இவருக்கும் வைக்கலாம்.

கணினிக்குள் அண்ணாவி இல்லை. பாத்திரத்தின் பலம் 16, சாமர்த்தியம் 12 என்ற மதிப்பெண் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போன ஆட்டங்கள் வெறும் கணக்காகவே நின்றுவிட்டன. கதவுக்குக் கதவு வசனம் எழுதி மாளாது. மரமென்றால் எரியும், ஓடென்றால் பிரியும் என்று உலகத்துக்கே பொதுவிதி வைத்தால்தான் ஆடுபவரின் யோசனைக்குப் பதில் கிடைக்கும். பகடை கைவிட்டாலும் கதை வேறு பக்கம் நடக்க வேண்டும். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி வேட ஆட்டம், பேச்சுக்கு நடுவே பகடையைத் திரையிலேயே உருட்டிக் காட்டியது.

விளையாட்டு என்று போடாததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் தாயமும் ஆட்டம், கணியானும் ஆட்டம். "நேத்து வேட ஆட்டத்துல எங்க அண்ணாவி பாலத்தையே இடிச்சிட்டாரு" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.